வெப்ப இயக்கவியல் விதிகளைக் கணக்கோடு கற்பது எப்படி: பிளஸ் ஒன் மாணவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, பிளஸ் ஒன் இயற்பியலில் வெப்ப இயக்கவியல் பாடத்தைத் தொடங்கவிருக்கும் மாணவர்களுக்காகவும், பாடத்தை ஒருமுறை படித்து முடித்த பின்னும் கணக்குகளில் விடை தவறிக்கொண்டே இருக்கும் மாணவர்களுக்காகவும் எழுதப்பட்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாலை வேளைகளில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். விதியின் வாசகத்தைத் தவறாகச் சொல்லும் மாணவரை அங்கே அரிதாகத்தான் பார்க்கிறேன். அந்த விதியை எந்தப் பொருளின்மீது பொருத்துகிறோம் என்று முடிவு செய்யாமலேயே சூத்திரத்தை எழுதிவிடும் மாணவர்களே மிகுதி. ஆகவே எல்லை வரைதல், சொற்களைப் பிரித்தறிதல், குறியைத் தீர்மானித்தல் ஆகியவை இங்கே முன்னால் வருகின்றன. விதிகள் அவற்றுக்கிடையிலும் அவற்றுக்குப் பின்னும் வருகின்றன.

சமன்பாடுகளை எழுத்துக் குறியீடுகளில் தராமல் சொற்களில் தந்திருக்கிறேன். குறியீட்டில் எழுதும்போது 'வேலை' என்பது யார் செய்த வேலை என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. சொல்லில் எழுதினால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் நகர முடியாது. முதல் பத்துக் கணக்குகளையாவது நீங்களும் இப்படியே எழுதிப் பாருங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நல்லியல்பு வாயுச் சமன்பாடு. அழுத்தத்தைப் பருமனால் பெருக்கினால் வருவது, மோல் எண்ணிக்கை, 8.314, கெல்வின் வெப்பநிலை ஆகிய மூன்றின் பெருக்கலுக்குச் சமம். இது தடுமாறாமல் வராவிட்டால் ஏழாம் படியில் நின்றுவிடுவீர்கள்.

இரண்டாவது, அலகுகள். வினாத்தாளில் பருமன் பெரும்பாலும் லிட்டரில் வரும். ஆனால் வேலை ஜூலில் கிடைக்க வேண்டுமானால் அழுத்தம் பாஸ்கலிலும் பருமன் கன மீட்டரிலும் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் என்பது 0.001 கன மீட்டர். இதில் ஓர் எளிய வழி உண்டு: கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் விடை நேராக ஜூலிலேயே வரும், ஏனெனில் ஆயிரம் மடங்கும் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

மூன்றாவது, சில எண்கள். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன், ஒரு கிலோகிராமுக்கு ஒரு கெல்வினுக்கு 4.18 கிலோஜூல். 0 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகத் தேவையான உள்ளுறை வெப்பம் 334 கிலோஜூல். செல்சியஸிலிருந்து கெல்வினுக்கு மாற்ற 273.15 கூட்ட வேண்டும். பள்ளிக் கணக்குகளில் 273 போதும். இவற்றோடு இயற்கை மடக்கையும், ஒரு வளைகோட்டின் கீழுள்ள பரப்பைப் பற்றிய தெளிவும் இருந்தால் வேறு கணிதம் தேவையில்லை.

2. எல்லையை வரையுங்கள்

கணக்கைப் படித்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பென்சிலால் ஒரு படம் போட்டு, நாம் ஆராயும் பொருளைச் சுற்றிப் புள்ளிக்கோடு ஒன்றை வரைவதுதான். கோட்டுக்குள் இருப்பது அமைப்பு. வெளியே இருப்பதெல்லாம் சூழல். அடுத்து, அந்தக் கோட்டைக் கடந்து உள்ளே வருவது என்ன, வெளியே போவது என்ன என்று இரண்டு வரிகள் எழுதுங்கள். பொருளும் ஆற்றலும் கடந்தால் அது திறந்த அமைப்பு. ஆற்றல் மட்டும் கடந்தால் மூடிய அமைப்பு. இரண்டும் கடக்காவிட்டால் தனித்த அமைப்பு. டம்ளரில் ஆவி பறக்கும் தேநீர் முதல் வகை. வாயை அடைத்த ஊசிக் குழாய்க்குள் சிக்கிய காற்று இரண்டாம் வகை. நன்றாக மூடிய பிளாஸ்கில் உள்ள தேநீர், சிறிது நேரத்துக்கு மட்டும், ஏறத்தாழ மூன்றாம் வகை.

இந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்பதைக் கடலூர் முதுநகரில் படகிலிருந்து இறங்கும் ஓர் ஐஸ் பெட்டியை வைத்தே காட்டலாம். 30 டிகிரி செல்சியஸில் உள்ள 30 கிலோ மீனை 0 டிகிரிக்குக் குளிர்விக்க எவ்வளவு ஐஸ் வேண்டும்? மீனின் தன்வெப்ப ஏற்புத்திறனை 3.6 கிலோஜூல் என்று கொண்டால், மீன் இழக்க வேண்டிய வெப்பம் 30 × 3.6 × 30, அதாவது 3,240 கிலோஜூல். இதை 334ஆல் வகுத்தால் 9.7 கிலோ ஐஸ் என்று வருகிறது. மீனுக்குச் சம எடையில் ஐஸ் போட வேண்டும் என்பதோ வெப்பமான கடற்கரைகளில் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. அப்படியானால் மூன்றில் இரண்டு பங்கு ஐஸ் வீணா என்று மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் வகுப்பில் கேட்டான். மிகச் சரியான கேள்வி.

கணக்கும் தவறில்லை, வழக்கமும் தவறில்லை. இரண்டும் வெவ்வேறு எல்லைகளைப் பற்றிப் பேசுகின்றன. கணக்கில் நாம் வரைந்த கோடு மீனையும் ஐஸையும் மட்டும் சூழ்ந்து, வெளியிலிருந்து வெப்பமே வராது என்று கொண்டது. உண்மையான பெட்டியின் சுவர் வழியாகவும், திறக்கும்போதெல்லாம் வாய் வழியாகவும், ஏலம் முடியும் வரை வெளிவெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. மீதமுள்ள ஐஸ் அந்த வெப்பத்துக்காக உருகுகிறது.

இந்தப் படியில் நேரும் பெரிய பிழை, கணக்கின் நடுவில் எல்லையை மாற்றுவது. முதல் வரியில் வாயுவை மட்டும் அமைப்பாகக் கொண்டு, மூன்றாம் வரியில் வாயுவோடு உருளையையும் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் எந்த வெப்பம் எதன் கணக்கில் சேர வேண்டும் என்பது எவருக்கும் தெரியாது. கோட்டை மாற்ற வேண்டிய தேவை வந்தால் புதுப்படம் போட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

3. 'சூடு' என்ற ஒரு சொல்லை மூன்றாகப் பிரியுங்கள்

நம் பேச்சில் 'சூடு' என்ற சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கிறது. உடம்பு சூடு என்றால் வெப்பநிலை. அடுப்பிலிருந்து சூடு அடிக்கிறது என்றால் வெப்பம். சாதத்தில் இன்னும் சூடு இருக்கிறது என்றால் அதனுள் உள்ள ஆற்றல். இயற்பியலில் இவை மூன்றும் வேறு வேறு. இவற்றைப் பிரிக்காமல் முதல் விதிக்குள் நுழைந்தால், ஒரே சமன்பாட்டில் ஒரே பொருளை இருமுறை எண்ணிவிடுவோம்.

வெப்பநிலை என்பது அமைப்பின் இப்போதைய நிலையைக் காட்டும் அளவு. அக ஆற்றல் என்பது அமைப்பின் மூலக்கூறுகளின் ஒழுங்கற்ற இயக்க ஆற்றலும், அவற்றுக்கிடையிலான விசைகளால் அமைந்த நிலை ஆற்றலும் சேர்ந்த மொத்தம். இதுவும் நிலையைச் சார்ந்தது. வெப்பம் அப்படியன்று. வெப்பநிலை வேறுபாட்டின் காரணமாக எல்லையைக் கடந்துகொண்டிருக்கும் ஆற்றலுக்கு மட்டுமே வெப்பம் என்று பெயர். கடந்து உள்ளே வந்துவிட்ட பிறகு அது வெப்பமாக இருப்பதில்லை, அக ஆற்றலாகிவிடுகிறது. 'இந்த வாயுவில் 500 ஜூல் வெப்பம் இருக்கிறது' என்ற வாக்கியம் அதனால்தான் தவறு. வேலையும் வெப்பத்தைப் போலத்தான்: கடக்கும்போது மட்டுமே உண்டு, சேமித்து வைக்கக்கூடியது அன்று.

பனிக்கட்டி உருகுவதை நினைத்துப் பாருங்கள். 334 கிலோஜூல் உள்ளே போகிறது. வெப்பநிலைமானியோ 0 டிகிரியை விட்டு அசைவதில்லை. வெப்பம் தந்தால் வெப்பநிலை ஏறியே தீர வேண்டும் என்ற எண்ணத்தை விடுவதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

இதே படியில் கெல்வின் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். 30 டிகிரி செல்சியஸ் 60 டிகிரியானால் வெப்பநிலை இருமடங்காகிவிட்டது என்று எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். 303 கெல்வின் 333 கெல்வினாகியிருக்கிறது. உயர்வு பத்தில் ஒரு பங்குதான். வேறுபாடு மட்டும் தேவைப்படும் இடத்தில் செல்சியஸும் கெல்வினும் ஒன்றே. வகுத்தலோ பெருக்கலோ வரும் இடத்தில் கெல்வினைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது.

4. சுழி விதி

இரண்டு பொருள்கள் ஒவ்வொன்றும் மூன்றாவது பொருளோடு வெப்பச் சமநிலையில் இருந்தால், அவை இரண்டும் தமக்குள்ளும் வெப்பச் சமநிலையில் இருக்கும். வெப்பநிலைமானியை நம்புவதற்கான உரிமையைத் தருவது இந்த விதிதான். அந்த மூன்றாவது பொருளே வெப்பநிலைமானி.

மாணவர்கள் தடுமாறுவது தொடுவுணர்வில். சூரியன் எழுவதற்கு முன் தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ, புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ ஓர் இரும்புக் கம்பியையும் பக்கத்திலுள்ள மரப்பலகையையும் தொட்டுப் பாருங்கள். இரும்பு சில்லென்று இருக்கும், மரம் அப்படி இருக்காது. இரவு முழுவதும் ஒரே காற்றில் இருந்த இரண்டின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றே. இரும்பு நம் கையிலிருந்து வெப்பத்தை வேகமாகக் கடத்திச் செல்கிறது; கை உணர்வது அந்த வேகத்தை. நண்பகல் வெயிலில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அப்போது எதுவும் எதனோடும் சமநிலையில் இல்லை.

5. குறியைத் தீர்மானிக்கும் வரை சூத்திரத்தைத் தொடாதீர்கள்

பிளஸ் ஒன் மாணவர் ஒரே ஆண்டில் இரண்டு பாடங்களில் இரண்டு வேறு வடிவங்களில் முதல் விதியைப் படிக்கிறார். இயற்பியலில், அக ஆற்றல் மாற்றம் என்பது அமைப்புக்குத் தரப்பட்ட வெப்பத்திலிருந்து அமைப்பு செய்த வேலையைக் கழித்தது. வேதியியலில், அக ஆற்றல் மாற்றம் என்பது அமைப்புக்குத் தரப்பட்ட வெப்பத்தோடு அமைப்பின்மீது செய்யப்பட்ட வேலையைக் கூட்டியது. தமிழ்நாட்டுப் பாடநூலில் படிப்பவர்களுக்கும், புதுச்சேரியில் மத்தியப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் பொது.

இரண்டும் ஒரே விதிதான். வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளி 200 ஜூல் வேலை செய்தால், இயற்பியலில் வேலை +200, அதைக் கழிக்கிறோம். வேதியியலில் வேலை −200, அதைக் கூட்டுகிறோம். விடை மாறாது. இயற்பியல் சமன்பாட்டில் வேதியியல் குறியைப் போட்டால்தான் விடை கெடும், இந்தப் பாடத்தில் நான் திருத்தும் விடைத்தாள்களில் மிக அதிகமாகக் காணும் பிழையும் அதுவே.

தீர்வு எளிது. படத்தில் அம்புக்குறி போடுங்கள். வெப்பம் கோட்டுக்குள் நுழைந்தால் நேர், வெளியேறினால் எதிர். வேலைக்கு, 'வாயு விரிகிறதா, சுருங்குகிறதா' என்று மட்டும் கேளுங்கள். விரிந்தால் வேலை செய்தது வாயு, ஆற்றல் அதன் கையிலிருந்து போகிறது. சுருங்கினால் வேலை செய்தவர் வெளியே இருப்பவர், ஆற்றல் உள்ளே வருகிறது. இதை ஒரு வரியில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு எண்ணைப் போட்டால் குறி தவறவே தவறாது.

6. முதல் விதி

இந்த விதி வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போன்றது: கையிருப்பு எவ்வளவு மாறியது என்பது வந்ததையும் போனதையும் பொறுத்தது. அக ஆற்றல் கையிருப்பு. வெப்பமும் வேலையும் வரவு செலவு. இந்த ஒப்புமையை இதற்குமேல் இழுக்க வேண்டாம்.

ஒரு கணக்கு. உருளையில் ஆர்கான் வாயு இருக்கிறது. தடையின்றி நகரும் பிஸ்டன் அதை மூடியிருக்கிறது. அழுத்தம் 100 கிலோபாஸ்கலில் மாறாமல் இருக்க, 500 ஜூல் வெப்பம் தரப்படுகிறது. பருமன் 2 லிட்டர் கூடுகிறது. அக ஆற்றல் எவ்வளவு மாறியது?

எல்லை: வாயு மட்டும். வெப்பம் உள்ளே வருகிறது, நேர். வாயு விரிகிறது, ஆகவே வேலை செய்தது வாயு. வேலையின் அளவு 100 கிலோபாஸ்கல் × 2 லிட்டர், அதாவது 200 ஜூல். அக ஆற்றல் மாற்றம் 500 − 200 = 300 ஜூல்.

லிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு 1,00,000 பாஸ்கலால் பெருக்கினால் வேலை 2,00,000 ஜூல் என்று வரும். 500 ஜூல் பெற்ற வாயு இரண்டு இலட்சம் ஜூல் செலவு செய்திருக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டிருந்தால் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. ஆர்கான் ஓரணு வாயு. அழுத்தம் மாறாத நிகழ்வில் ஓரணு நல்லியல்பு வாயு தான் பெற்ற வெப்பத்தில் ஐந்தில் மூன்று பங்கை அக ஆற்றலாக வைத்துக்கொண்டு, ஐந்தில் இரண்டு பங்கை வேலையாகச் செலவிடும். 500இல் 300ம் 200ம் அந்த விகிதத்தில்தான் இருக்கின்றன.

7. நான்கு நிகழ்வுகள்: எது மாறவில்லை என்பதிலிருந்து தொடங்குங்கள்

நான்கையும் நான்கு சூத்திரங்களாக மனப்பாடம் செய்வதைவிட, முதல் விதியின் மூன்று உறுப்புகளில் எது சுழியாகிறது என்று பார்ப்பது மேல். பருமன் மாறா நிகழ்வில் பிஸ்டன் நகராது, வேலை சுழி, வந்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலாகும். வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வில் வெப்பம் சுழி. வெப்பநிலை மாறா நிகழ்வில், நல்லியல்பு வாயுவுக்கு, அக ஆற்றல் மாற்றம் சுழி. அழுத்தம் மாறா நிகழ்வில் எதுவும் சுழியாவதில்லை. மேலே பார்த்த ஆர்கான் கணக்கு அந்த வகை.

இவற்றில் வெப்பநிலை மாறா நிகழ்வையும் வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வையும் ஒன்றாக நினைப்பது மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றிய குழப்பம். வெப்பநிலை மாறவில்லை, ஆகவே வெப்பம் பரிமாறப்படவில்லை என்று எண்ணுகிறார்கள். உண்மை நேர் எதிர். வாயு விரியும்போது வேலை செய்து ஆற்றலை இழக்கிறது. வெப்பநிலை குறையாமல் இருக்க வேண்டுமானால் அதே அளவு வெப்பம் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், ஆகவே நிகழ்வு மெதுவாக நடக்க வேண்டும். வெப்பம் வரவிடாமல் தடுத்தாலோ, வர நேரமில்லாமல் வேகமாக விரியவிட்டாலோ வாயு குளிரும்.

இதைச் சைக்கிள் பம்பில் கையால் உணரலாம். பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, கைப்பிடியை வேகமாகப் பத்துமுறை அழுத்திவிட்டு, குழலின் அடிப்பகுதியைத் தொடுங்கள். அது சூடாகியிருக்கும். வகுப்பில் ஒரு மாணவி, 'இது வாஷர் குழலில் உரசியதால் வந்த சூடாக இருக்கலாமே, சார்' என்றாள். ஊகித்து விடை சொல்வதைவிடச் செய்து பார்ப்பது நல்லது என்று, பம்பு ஆறிய பிறகு வாயைத் திறந்துவைத்து அதே பத்து அழுத்தங்களை அதே வேகத்தில் அவளையே கொடுக்கச் சொன்னேன். உராய்வு அப்போதும் இருந்தது. அடிப்பகுதியோ முன்னைப்போலச் சூடாகவில்லை. காற்றின்மீது கை செய்த வேலை, வெளியேற நேரமில்லாமல், காற்றின் அக ஆற்றலாகியிருந்ததுதான் அந்தச் சூட்டுக்குக் காரணம்.

கணக்காகவும் செய்யுங்கள். 30 டிகிரி செல்சியஸில் உள்ள காற்று, வெப்பப் பரிமாற்றமின்றி, பாதிப் பருமனுக்கு அழுத்தப்படுகிறது. காற்றுக்கு, அழுத்தம் மாறாத, பருமன் மாறாத வெப்ப ஏற்புத்திறன்களின் விகிதம் 1.4. அதில் ஒன்றைக் கழித்த 0.4தான் பருமன் விகிதத்துக்கு அடுக்கு. புதிய வெப்பநிலை 303 × 2இன் அடுக்கு 0.4, அதாவது 303 × 1.32, ஏறத்தாழ 400 கெல்வின். செல்சியஸில் 127 டிகிரி. கெல்வினுக்கு மாற்றாமல் 30ஐயே 1.32ஆல் பெருக்கினால் 40 டிகிரி கிடைக்கும். அது நம்பக்கூடிய எண்ணாகத் தோன்றுவதுதான் ஆபத்து. உண்மைப் பம்பில் 127 டிகிரி வருவதில்லை, ஏனெனில் உலோகக் குழல் வெப்பத்தை உடனுக்குடன் உறிஞ்சிவிடுகிறது. இங்கேயும் கேள்வி எல்லையைப் பற்றியதுதான்.

மூன்று விரிவுகளை ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் இந்தப் பகுதி முழுவதும் விளங்கிவிடும். 300 கெல்வினில் உள்ள ஒரு மோல் ஈரணு வாயு, ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, இருமடங்கு பருமனுக்கு விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் மாறாமல் விரிந்தால் வேலை 2,494 ஜூல். வெப்பநிலை மாறாமல் விரிந்தால் 8.314 × 300 × 0.693 (2இன் இயற்கை மடக்கை), அதாவது ஏறத்தாழ 1,729 ஜூல். வெப்பப் பரிமாற்றமின்றி விரிந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 227 கெல்வினுக்கு இறங்கி, வேலை ஏறத்தாழ 1,509 ஜூல். வேலை என்பது வளைகோட்டின் கீழுள்ள பரப்பு. ஆகவே கடைசி வளைகோடு மற்ற இரண்டையும்விடச் செங்குத்தாக இறங்கியே ஆக வேண்டும். அதன் காரணமும் கண்முன்னே இருக்கிறது: விரிவதால் மட்டுமல்லாமல் குளிர்வதாலும் அங்கே அழுத்தம் குறைகிறது. தொடக்கமும் இறுதிப் பருமனும் ஒன்றாக இருந்தும் மூன்று விடைகள் வருவதால், வேலை வழியைச் சார்ந்தது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

8. இரண்டாம் விதி

முதல் விதி கணக்கைச் சரிபார்க்குமே தவிர, திசையைச் சொல்லாது. ஆறிய தேநீர் அறையின் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தானே கொதித்தால் முதல் விதி மறுப்புச் சொல்லாது. ஆற்றல் எங்கும் அழியவில்லை. அது நடப்பதில்லை என்று சொல்ல இன்னொரு விதி தேவைப்படுகிறது.

அதன் இரண்டு வாசகங்களையும் சொல்லுக்குச் சொல் கவனித்துப் படியுங்கள். கிளாசியஸ் வாசகம்: வேறு எந்த மாற்றத்தையும் விளைவிக்காமல், குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பத்தை மாற்றுவது இயலாது. கெல்வின்–பிளாங்க் வாசகம்: ஒரே வெப்ப மூலத்திலிருந்து பெற்ற வெப்பத்தை முழுவதும் வேலையாக மாற்றி, வேறு விளைவு எதுவுமின்றிச் சுற்று நிகழ்வில் இயங்கும் இயந்திரம் இயலாது. 'வேறு எந்த மாற்றமுமின்றி', 'சுற்று நிகழ்வில்' ஆகிய சொற்களை விட்டுவிட்டு எழுதினால் இரண்டு வாசகங்களும் பொய்யாகிவிடும். குளிர்சாதனப் பெட்டி குளிரிலிருந்து சூட்டுக்கு வெப்பத்தை மாற்றத்தான் செய்கிறது. அதற்கு மின்சாரம் செலவாகிறது. வெப்பநிலை மாறா விரிவில் வாயு தான் பெற்ற வெப்பம் முழுவதையும் வேலையாக்கத்தான் செய்கிறது; ஆனால் அது தொடக்க நிலைக்குத் திரும்பவில்லை.

நம் மாவட்டத்திலேயே இந்த விதியைப் பெரிய அளவில் பார்க்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து நீரை நீராவியாக்கி, அதைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். இத்தகைய அனல் மின் நிலையங்களில் நீராவி ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கப்படும். பயன்பட்ட நீராவி மீண்டும் நீராகும் இடத்தை 40 டிகிரி என்று கொள்வோம். கெல்வினில் 813, 313. பெற்ற வெப்பத்தில் வேலையாகும் பங்குக்குப் பயனுறுதிறன் என்று பெயர். கார்னோ பயனுறுதிறன், ஒன்றிலிருந்து 313ஐ 813ஆல் வகுத்ததைக் கழித்தது, ஏறத்தாழ 0.615, அதாவது 61.5 விழுக்காடு. இந்த இரண்டு வெப்பநிலைகளுக்கிடையில் எப்பேர்ப்பட்ட பொறியாளராலும் தாண்ட முடியாத உச்சவரம்பு அது. நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். மீதி வெப்பத்தின் பெரும்பகுதி, சாலையில் போகும்போதே தெரியும் அந்தக் குளிர்விக்கும் கோபுரங்களின் வழியாகக் காற்றில் கலக்கிறது. அந்தக் கோபுரங்களை எடுத்துவிட்டால் திறன் கூடுமே என்று நினைக்கும் மாணவரை, கெல்வின்–பிளாங்க் வாசகத்தை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்: மீதி வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வெப்ப ஏற்பி இல்லாமல் சுற்று முடிவதில்லை.

செல்சியஸிலேயே வகுத்தால் 40 வகுத்தல் 540, பயனுறுதிறன் 92.6 விழுக்காடு என்று வரும். மூன்றாம் படியின் எச்சரிக்கையை மறந்ததற்கு இதுவே அடையாளம்.

9. என்ட்ரோபி: வகுத்துப் பார்த்தால் விளங்கும்

என்ட்ரோபியை 'ஒழுங்கின்மை' என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுவது பள்ளி மாணவருக்கு உதவாது. கலைந்த அறையையும் அலமாரியையும் சொல்லி விளக்குவதை நான் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் அறையை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், இயற்பியலை விட்டுவிடுகிறார்கள். மாறா வெப்பநிலையில் மீள் முறையில், அதாவது அப்படியே பின்னோக்கியும் நடத்தக்கூடிய விதத்தில், பரிமாறப்பட்ட வெப்பத்தை, அந்தக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது என்ட்ரோபி மாற்றம். இந்த ஒரு வகுத்தலைக் கொண்டே இரண்டாம் விதியைச் சோதிக்க முடியும்.

30 டிகிரி செல்சியஸ் அறையில் ஒரு கிலோ ஐஸ் உருகுகிறது. ஐஸ் பெற்ற வெப்பம் 3,34,000 ஜூல், 273 கெல்வினில். அதன் என்ட்ரோபி உயர்வு, கெல்வினுக்கு 1,223 ஜூல். அறை இழந்த வெப்பம் அதே 3,34,000 ஜூல், ஆனால் 303 கெல்வினில். அதன் என்ட்ரோபி குறைவு, கெல்வினுக்கு 1,102 ஜூல். இரண்டையும் சேர்த்தால் மொத்தத்தில் கெல்வினுக்கு 121 ஜூல் கூடியிருக்கிறது. வெப்பம் ஒன்றே, வகுத்த எண்கள் வேறு, சிறிய எண்ணால் வகுத்த பக்கம் பெரிதாகிறது. வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்குப் போகும்போதெல்லாம் மொத்தம் கூடுவதற்கு இதுதான் காரணம். திசையை மாற்றிப் போட்டால் −121 வரும். தனித்த அமைப்பில் அது நடக்காது.

'என்ட்ரோபி எப்போதும் கூடும்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். நீர் உறையும்போது அதன் என்ட்ரோபி குறைகிறது. கூடுவது, அல்லது மீள் நிகழ்வில் மாறாதிருப்பது, தனித்த அமைப்பின் மொத்த என்ட்ரோபி. மறுபடியும் எல்லைக்கோடு.

10. மூன்றாம் விதி

இதற்கு நீண்ட விளக்கம் இந்த வகுப்பில் வேண்டாம். வெப்பநிலை தனிச்சுழியை, அதாவது −273.15 டிகிரி செல்சியஸை நெருங்க நெருங்க, குறையற்ற படிகத்தின் என்ட்ரோபி சுழியை நெருங்குகிறது. முடிவுறு எண்ணிக்கையிலான படிகளில் எந்தப் பொருளையும் தனிச்சுழிக்குக் கொண்டுசெல்ல முடியாது. வேதியியலில் என்ட்ரோபி மதிப்புகளின் அட்டவணையைப் பயன்படுத்தும்போது இது கைகொடுக்கும்.

11. எல்லாப் படிகளும் ஒரே கணக்கில்: ஓர் ஐஸ் கட்டி

30 டிகிரி செல்சியஸ் நீரிலிருந்து 50 கிலோ ஐஸ் கட்டி ஒன்று செய்ய, குறைந்தது எவ்வளவு வேலை வேண்டும்? குளிர்விக்கும் இயந்திரத்தின் குளிர்ப் பக்கம் −15 டிகிரியிலும், வெப்பத்தை வெளியே விடும் பக்கம் 40 டிகிரியிலும் இயங்குகிறது என்க. உறைந்த பின் ஐஸ் மேலும் குளிர்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் நீரைச் சுற்றி ஒரு கோடு. நீர் 0 டிகிரிக்கு வர 50 × 4.18 × 30 = 6,270 கிலோஜூல் வெளியேற வேண்டும்; உறைய 50 × 334 = 16,700 கிலோஜூல். மொத்தம் 22,970 கிலோஜூல். உறைதலுக்கான வெப்பத்தை மட்டும் எழுதிவிட்டு, குளிர்விக்கும் பகுதியை மறப்பவர்கள் உண்டு.

இப்போது புதுப்படம், கோடு இயந்திரத்தைச் சுற்றி. வெப்பநிலைகள் 258, 313 கெல்வின். செயல்திறன் குணகம் என்பது, எடுக்கும் வெப்பம் செலவிடும் வேலையைப் போல் எத்தனை மடங்கு என்பது. மீள் இயந்திரத்துக்கு அது, 258ஐ வெப்பநிலை வேறுபாடான 55ஆல் வகுத்தது, அதாவது 4.69. குறைந்தபட்ச வேலை 22,970 வகுத்தல் 4.69, ஏறத்தாழ 4,900 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல் ஆகையால் இது 1.36 யூனிட். உண்மையான ஐஸ் பேக்டரியில் இதைவிடக் கூடுதலாகவே ஆகும், குறையவே குறையாது. செயல்திறன் குணகம் ஒன்றைவிடப் பெரிதாக வந்ததைக் கண்டு விடையை அடித்துவிடாதீர்கள். இந்த இயந்திரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் விடுகிறது. எடுக்கும் வெப்பம் செலவிடும் வேலையைவிட மிகுதியாக இருப்பதில் தவறு ஏதுமில்லை.

முதல் விதிப்படி வெளியே விடப்படும் வெப்பம், எடுத்த வெப்பமும் செய்யப்பட்ட வேலையும் சேர்ந்தது: 22,970 + 4,900 = 27,870 கிலோஜூல். கடைசியாக இரண்டாம் விதியைக் கொண்டு சோதியுங்கள். குளிர்ப் பக்கத்தில் 22,970 வகுத்தல் 258, ஏறத்தாழ 89. சூட்டுப் பக்கத்தில் 27,870 வகுத்தல் 313, அதுவும் ஏறத்தாழ 89. இயந்திரம் மீள் முறையில் இயங்குவதாகக் கொண்டதால் இரண்டும் சமமாக வந்திருக்கின்றன. சூட்டுப் பக்கத்தில் உங்களுக்கு 73.4 வந்திருந்தால், வெளியே விடப்படும் வெப்பத்தில் வேலையைக் கூட்ட மறந்து 22,970ஐயே 313ஆல் வகுத்திருக்கிறீர்கள். மொத்த என்ட்ரோபி குறைந்துவிட்டதாகக் காட்டும் அந்த விடையை அடித்துவிட்டு, இயந்திரத்தைச் சுற்றி வரைந்த கோட்டைக் கடக்கும் மூன்று அம்புக்குறிகளையும் மறுபடி எண்ணுங்கள்.